ரொட்டி வண்டிக்குள் ஒரு கட்டில்

தச்சர் இருபது வருடமாக மற்றவர்கள் வீட்டுச் சமையலறைகளை அழகாக்கிக்கொண்டிருந்தார். சத்தமில்லாமல் மூடும் இழுப்பறை, மூலையில் வீணாகும் இடத்தில் சுழலும் தட்டு என்று அவர் கைக்குத் தெரியாத வித்தை இல்லை. ஆனால் அவர் குடியிருந்தது வாடகை வீடு. வீட்டுக்காரம்மா சாவியைக் கொடுத்த அன்றே சுவரைக் குழந்தையைத் தடவுவதுபோலத் தடவிக்காட்டி, "ஒரு ஆணி அடிக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டார். ஊரெல்லாம் அலமாரி மாட்டியவரின் வீட்டில் மளிகை டப்பாக்கள் அட்டைப்பெட்டிக்குள் தரையில் கிடந்தன. யாராவது விருந்தாளி வந்தால் அவர் முதல் வேலையாகச் சமையலறைக் கதவைச் சாத்திவிடுவார்.

அதனால்தான், ஒரு பேக்கரி தன் பழைய ரொட்டி வண்டியை விற்கப்போகிறது என்று கேள்விப்பட்டதும் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. போய் உள்ளே ஏறினார். நிமிர்ந்து நிற்க முடிந்தது. இரண்டு பக்கமும் வெற்றுத் தகரச் சுவர். வெயில் ஏறியதும் அந்தத் தகரத்திலிருந்து இன்னும் ரொட்டி வாசனை வந்தது. விரல் கணுவால் சுவரைத் தட்டிப் பார்த்தார். இதில் எத்தனை ஆணி வேண்டுமானாலும் அடிக்கலாம், கேட்க ஆளில்லை என்று நினைத்தபோது அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மனைவிக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் நகரப் பேருந்து ஓட்டுநர்.

"ஏங்க, நாள் பூரா ஸ்டீரிங் பிடிச்சிட்டு வரேன். லீவுலயும் ஸ்டீரிங்கா?"

"ஓட்டுறது கொஞ்ச நேரந்தாம்மா. அப்புறம் நிக்கப்போறோம். ஏரிக்கரை, மலையடிவாரம், எங்க வேணும்னாலும். அடுப்பும் கட்டிலும் கூடவே வரும்."

"யாரு ஓட்டுறது?"

"நீதான்." அவர் ஓட்டுநர் தேர்வில் மூன்று முறை தோற்றவர்.

"யாரு நிறுத்துறது?"

"அதுவும் நீதான்."

"அப்ப நீங்க?"

"நான் கதவைத் திறந்துவிடுறேன்."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்துவிட்டால் பாதி சம்மதம் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பதின்மூன்று வயது மகள் மீதிப் பாதியையும் நச்சரித்து வாங்கிவிட்டாள்.

இன்ஜினைப் பார்க்க மனைவியின் தம்பி வந்தான். மெக்கானிக். மூன்று வாரம் வண்டிக்கு அடியிலேயே குடியிருந்தான்.

"மாமா, தரைக்குக் கீழ என் ராஜ்யம். தரைக்கு மேல உங்க ராஜ்யம். எல்லை தாண்டினா சண்டைதான்" என்றான்.

"சரி மாப்ள. உன் ராஜ்யத்துல எண்ணெய் ஒழுகுது, பாரு."

இன்ஜின் உயிர் பெற்று உறுமிய அன்றே ஒரு வில்லங்கமும் வந்தது. கீழ்த்தெருப் பூக்கடைக்காரர் சத்தம் கேட்டு ஓடிவந்து வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பூ ஏற்ற இப்படி ஒன்றைத்தான் தேடுகிறாராம். "எப்ப சொன்னாலும் எடுத்துக்கிறேன்" என்று மனைவியிடம் தொலைபேசி எண்ணைக் கொடுத்துவிட்டுப் போனார். அவள் அதைப் பத்திரமாகச் சேமித்துக்கொண்டதைத் தச்சர் கவனித்தார்.

அன்று சாப்பிடும்போது அவள் சொன்னாள்: "எனக்கு ஓட்டுறது வேலை, நிக்கிறதுதான் லீவு. முதல் பயணம் மூணு நாள். சனிக்கிழமை கிளம்புறோம். ஞாயித்துக்கிழமை சாயங்காலத்துக்குள்ள எனக்கு ஓய்வா இருக்குன்னு தோணுச்சுன்னா வண்டி நமக்கு. இல்லேன்னா பூக்கடைக்காரருக்குப் போன் போட்டுடுவேன். அப்புறம் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கக் கூடாது."

"வெச்சுக்க மாட்டேன்" என்றார் தச்சர்.

வண்டி வீட்டு வாசலில்தான் நின்றது. மூக்கு மேட்டைப் பார்க்க, பின்சக்கரங்களுக்குப் பின்னால் இரண்டு செங்கல். அந்தத் தெருவில் எல்லா வண்டிகளும் அப்படித்தான் நிற்கும். தினமும் வேலை முடிந்து வந்ததும் தச்சர் சட்டையை மாற்றிக்கொண்டு உள்ளே ஏறிவிடுவார். கையில் ரசமட்டம். நடுவில் கண்ணாடிக் குழாயும் அதற்குள் ஒரு காற்றுக் குமிழும் கொண்ட அந்தக் கட்டையைத் தன் முதல் சம்பளத்தில் வாங்கியிருந்தார். தன் கண்ணைவிட அதன்மேல் அவருக்கு நம்பிக்கை. வீடுகளில் தரை கோணலாக இருக்கும், சுவர் கோணலாக இருக்கும். கொத்தனார் செய்த பாவத்தையெல்லாம் தச்சன்தான் கழுவ வேண்டும். குமிழ் நடுவில் நின்றால் வேலை சரி. அவ்வளவுதான் அவருடைய வேதம்.

ஒருநாள் மகள் புதுக் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள்.

"அப்பா, பின்பக்கக் கால் ரெண்டும் ஏன் இவ்வளவு உசரம்?"

"பழைய வண்டி பாப்பா. ரொட்டி ஏத்தி ஏத்திப் பின்பக்கத் தரை அமுங்கிப்போச்சு. அதான் காலை நீட்டி ஈடுகட்டியிருக்கேன்."

"ரொட்டி அவ்வளவு கனமா?"

"ஒண்ணு கனமில்ல. ஆயிரம் ரொட்டி?"

மகள் மனக்கணக்குப் போட்டுப் பார்த்து, சரி என்று தலையாட்டினாள்.

கட்டிலைப் போலவே அடுப்பு மேடை, தொட்டி, மடக்கு மேசை, பின்சுவரை ஒட்டி நான்கு இழுப்பறைகள் என்று எல்லாமே ரசமட்டத்துக்குக் கட்டுப்பட்டு எழுந்தன. தெருவே வந்து பார்த்தது. எதிர்வீட்டுப் பெண்மணி மேசைமேல் ஒரு கோலிக்குண்டை வைத்தாள். அது அசையாமல் நின்றது. வீட்டுக்காரம்மாகூட வந்து, "என் வீட்டுச் சமையலறையைவிட நல்லா இருக்கே" என்றார். தச்சர் அன்று ராத்திரி இரண்டு முறை சாப்பிட்டார்.

சனிக்கிழமை மதியம் மச்சினனையும் கூட்டிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். பலகை போலச் சமமான புல்வெளி. ஏற்கெனவே ஏழெட்டு வண்டிகள் தோளோடு தோள் உரசிக்கொண்டு நின்றன. மனைவி ஒரு இடுக்கில் லாகவமாகச் சொருகி நிறுத்தி, சாவியைப் பிடுங்கி, "அப்பாடா" என்றாள்.

அந்த நேரத்தில் நான்கு இழுப்பறைகளும் ஒன்றாகத் திறந்துகொண்டன.

தச்சர் மூடினார். திறந்தன. "புது இடமில்ல, கூச்சப்படுது" என்றான் மச்சினன். அடுப்பில் சட்டியை வைத்தால் எண்ணெய் முழுக்க ஒரு மூலைக்கு ஓடியது. ஊற்றிய முட்டையும் அதன் பின்னாலேயே போனது. மேசையில் வைத்த பென்சில் உருண்டது, தம்ளர் நகர்ந்தது. தொட்டியில் தண்ணீர் வடிகிற துளையைவிட்டு எதிர்ப்பக்கம் போய்த் தேங்கியது. "செட்டாகிடும், செட்டாகிடும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார் தச்சர்.

ஞாயிறு காலை மனைவி கழுத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். கட்டிலில் படுத்த மூன்று பேரும் விடியும்போது முன்பக்கத் தடுப்புப் பலகையில் தலைமுட்டிக் குவிந்து கிடந்திருந்தார்கள்.

"ராத்திரி பூரா தலைகீழாத் தொங்கினேன். வௌவாலுக்கு இது பழக்கம். எனக்கு இல்ல." குரலில் கோபம்கூட இல்லை, களைப்புதான் இருந்தது. அதுதான் தச்சருக்குச் சுருக்கென்றது. "டிப்போ பெஞ்சுல இதைவிட நல்லாத் தூங்குவேன். சாயங்காலம் வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும்? இப்பவே பேசிடட்டுமா?"

"இரும்மா. கட்டில் மேல தப்பில்ல. முன்பக்க ஸ்பிரிங் இறங்கியிருக்கு."

முன்சீட்டில் சுருண்டிருந்த மச்சினன் துள்ளி எழுந்தான். "என்னது? என் ஸ்பிரிங்கா?"

"வேற யாரு ஸ்பிரிங்?"

"மாமா, எல்லை தாண்டுறீங்க."

"வண்டியே முன்னால குடைசாயுது, எல்லையாம் எல்லை."

மச்சினன் ஜாக்கியையும் ஸ்பேனர் பையையும் எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போனான். ஒரு மணி நேரம் அவனுடைய இரண்டு கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. பிறகு முகமெல்லாம் கிரீஸோடு தலையை நீட்டினான். எப்போதும் நக்கல் பேசுகிற முகம் வாடியிருந்தது.

"அக்கா, எல்லாம் சரியாத்தான் இருக்கிற மாதிரி இருக்கு. ஆனா மாமா சொல்றாரே... ஒருவேளை நான்தான் தப்பா மாட்டிட்டேனோ என்னவோ. உங்க லீவைக் கெடுத்துட்டேன்."

எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அளந்து காட்டத் தச்சர் ரசமட்டத்தோடு உள்ளே போனார். கம்பளத்தைச் சுருட்டி, வெறும் தரையில் வைத்தார்.

குமிழ் நடுவில் நின்றது.

திருப்பி வைத்தார். நடுவில். முன்பக்கம், பின்பக்கம், ஓரம். எங்கே வைத்தாலும் நடுவில். கட்டிலின் மேல் வைத்தார். குமிழ் அடிபட்டதுபோல் பின்பக்கம் ஓடியது.

தச்சர் சன்னல் வழியாகப் பார்த்தார். ஏரித் தண்ணீர் கோடு கிழித்தாற்போல் நேராக இருந்தது. அவருக்குத் தன் தெரு ஞாபகம் வந்தது. வீட்டு வாசலில் ஒரு ஓரத்தில் மூன்று படி, மறு ஓரத்தில் ஒரு படி. மகளின் பந்து கையைவிட்டு நழுவினால் பூக்கடை வரைக்கும் துரத்த வேண்டும். பதினைந்து வருடம் ஏறி ஏறி, அது ஏற்றம் என்பதே மறந்துபோயிருந்தது. வீடுகள் நின்ற இடத்தைவிட்டு நகராது. வாழ்நாளெல்லாம் அப்படிப்பட்டவற்றுக்குள்ளேயே வேலை பார்த்த கை, சக்கரம் வைத்த ஒன்றுக்கும் அப்படியே அளவெடுத்துவிட்டது.

வெளியே மச்சினன் போல்ட்டுகளைத் திரும்பக் கழற்றிக்கொண்டிருந்தான். வாயைத் திறக்காமல் இருந்தால் பழி ஸ்பிரிங்கோடு போகும். வீடு போய்ச் சேர்ந்து சத்தமில்லாமல் கால்களை அறுத்துவிடலாம். மனைவியிடம் இன்னொரு வாய்ப்புக் கேட்கலாம். தச்சர் அரை நிமிடம் அப்படியே நின்றார். பிறகு இறங்கிப் போய் அந்தக் கால்களுக்குப் பக்கத்தில் குந்தினார்.

"மாப்ள, வெளிய வா. ஸ்பிரிங்ல ஒண்ணுமில்ல. நான்தான் வண்டியை நம்ம தெருவுக்கு மட்டம் பாத்து வெச்சிருக்கேன்."

"புரியல, மாமா."

"நம்ம தெரு சாய்வு. அதுக்கு ஏத்த மாதிரி கட்டில் செஞ்சிருக்கேன். மேசையும். அடுப்பும். எல்லாமே."

மகள்தான் மெதுவாகக் கேட்டாள்: "அப்ப ஆயிரம் ரொட்டி?"

மனைவிக்கு முதலில் தோள்தான் குலுங்கியது. பிறகு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தாள். பிறகு நாற்காலியும் போதாமல் புல்லில் சரிந்தாள். கண்ணில் நீர் வழிய, "ஒட்டுமொத்த வண்டியையும்... நம்ம வாசலுக்கு..." என்று தொடங்கி முடிக்க முடியாமல் திணறினாள். பக்கத்து வண்டிக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"போன் போடும்மா. தப்பு என்னுதுதான்" என்றார் தச்சர்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "முன்சக்கரத்தைத் தூக்கினா சரியாகுமாடா?"

"ஜாக்கி மேல நிறுத்தித் தூங்குறதா? நான் புல்லுலயே படுத்துக்கிறேன்" என்றான் மச்சினன், பழைய குரலில்.

"சரி, எல்லாரும் ஏறுங்க."

"எங்கம்மா?"

"நம்ம தெருவைத் தேடி."

ஏரியைச் சுற்றி ஒரு மண்பாதை மேட்டின்மேல் ஏறியது. அவள் மெதுவாக ஓட்டினாள். ஓரிடத்தில் மகள், "இங்க?" என்றாள். "இது சாய்வு ஜாஸ்தி" என்றாள் அவள். இன்னோரிடத்தில் தச்சர் ரசமட்டத்தை நீட்டினார். "அதை உள்ள வைங்க. பதினைஞ்சு வருஷமா தினமும் அந்தத் தெருவுல என் ஸ்கூட்டரை நிறுத்தி எடுத்திருக்கேன். பிரேக் மிதிக்கிற காலுக்குத் தெரியாதா?" என்றாள். வளைவு தாண்டி, இரண்டு மரங்களுக்கு நடுவே நிறுத்தினாள். பிரேக்கைக் கொஞ்சம் விட்டாள், பிடித்தாள். "இதுதான்."

மச்சினன் இறங்கிச் சக்கரங்களுக்குக் கல் வைத்தான். தச்சர் மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுப்பறைகளைப் பார்த்தார். ஒன்றுகூட அசையவில்லை. கீழே ஏரி முழுசாகத் தெரிந்தது. தோளுரசும் வண்டிகள் தீப்பெட்டிகளாகச் சுருங்கியிருந்தன. மனைவி கட்டிலில் நீட்டிப் படுத்து, "ரெண்டு மணி நேரத்துக்கு யாரும் என்னைக் கூப்பிடாதீங்க" என்றாள். நான்கு மணி நேரம் தூங்கினாள்.

அவள் எழுந்து தேநீர் குடிக்கும்போது பளபளவென்று ஒரு புது வண்டி மேடேறி வந்தது. தொப்பி வைத்த ஒருவரும் அவர் மனைவியும். "அருமையான இடம் பிடிச்சிருக்கீங்க. பக்கத்துல நிக்கலாமா?" என்றார் தொப்பிக்காரர்.

"தாராளமா" என்றார் தச்சர்.

ஐந்து நிமிடத்தில் அந்த வண்டிக்குள் தட்டுகள் சரிகிற சத்தம். பின்னால் ஒரு தர்பூசணி கதவு வழியாக இறங்கி ஏரியைப் பார்த்துப் போனது. தொப்பிக்காரர் தொப்பியில்லாமல் எட்டிப் பார்த்து, "நீங்க எப்படிங்க இங்க சமாளிக்கிறீங்க?" என்றார்.

"பழக்கந்தாங்க" என்றான் மச்சினன், முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல்.

அவர்கள் தர்பூசணியைப் பின்தொடர்ந்து போனதும் மனைவி தொலைபேசியை எடுத்தாள். மகள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, நான்தான் பேசுறேன். வண்டி கொடுக்கல. ஆமாண்ணே. இல்ல, விலையெல்லாம் ஒண்ணும் பிரச்சினையில்ல. உள்ள எல்லாம் கொஞ்சம் சாய்வா இருக்கு." அவள் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். தச்சரைப் பார்த்தாள். "தெரியும்ணே. நீங்க ஆளை வெச்சு நேராக்கிடுவீங்க. அதுக்குத்தான் கொடுக்கல."