அலுமினியக் காது

சுண்டுவிரல் நீள அலுமினியத் துண்டு ஒன்று ஒடிந்துபோனதில் என் தம்பி தர்மராஜுக்கு வரவேண்டிய வேலை போகப் பார்த்தது. துண்டு என்றால் காது. அவன் பறக்கவிடும் குட்டி விமானத்தின் என்ஜினுக்கு இரண்டு பக்கமும் காது மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். அதில்தான் திருகு போட்டு என்ஜினை மரத்தோடு இறுக்குவார்கள். ரயில்வே மைதானத்தில் விமானம் தலைகுப்புற விழுந்ததில் ஒரு காது போய்விட்டது.

அது அறுபத்தெட்டாம் வருஷம். திருச்சியில் மாணவர்களுக்குக் குட்டி விமானம் விடக் கற்றுக்கொடுக்க ஆள் எடுத்தார்கள். வியாழக்கிழமை சொந்த என்ஜினோடு ரயிலேறிப் போய்ப் பறக்கவிட்டுக் காட்ட வேண்டும். வேறு வாங்கலாம் என்றால் வெளிநாட்டு என்ஜின் வரத்தே நின்றுபோயிருந்தது. அடுத்த மாதம் இவனுக்கு வயது வரம்பும் தாண்டிவிடும். ஞாயிற்றுக்கிழமை காலையில் என்ஜினை ஒரு கையிலும் காதை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டு எங்கள் பட்டறையில் வந்து நின்றான்.

என் வீட்டுக்காரர் மாயவன் ஜங்ஷன் ரோட்டில் கேஸ் வெல்டிங் பட்டறை வைத்திருந்தார். இரும்பு என்றால் எதையும் ஒட்டுவார். அலுமினியம் என்றால் எழுந்து டீ குடிக்கப் போய்விடுவார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஓட்டல்காரர் கொண்டுவந்த அலுமினிய அண்டாவில் விரல் நுழைகிற ஓட்டையை அடைக்கப்போய், தலை நுழைகிற ஓட்டையாக்கிக் கொடுத்தார். அன்றிலிருந்து கடைத்தெருவில் அவருக்கு அண்டா மாயவன் என்று பெயர்.

“இரும்பு செவக்கும், வெளுக்கும், அப்புறந்தான் உருகும். இது ஒண்ணுமே காட்டாது மச்சான். பாத்துக்கிட்டே இருக்கும்போது பொத்துனு வுழுந்துடும். என்னால ஆவாது” என்றார்.

தர்மராஜ் ஒடிந்த காதை என்ஜினோடு பொருத்திப் பொருத்திப் பார்த்தான். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

“யோவ், ஊரு சிரிச்சா சிரிச்சிட்டுப் போவுது. இங்க அவன் பொழப்பு போவுதுய்யா!”

“கண்ணுக்குத் தெரியாத சூட்டை எப்படிடி புடிக்கறது? நீ புடிச்சுக் காட்டு பாப்போம்.”

சொல்லிவிட்டார் இல்லையா? நான் பீங்கான் கம்பெனியில் வேலை செய்கிறவள். சூளைக்குள் இருக்கும் சூட்டை யாரும் கண்ணால் அளப்பதில்லை. சாமான்களோடு சின்ன மண் கூம்பு ஒன்றையும் நிறுத்தி வைப்போம். சூடு சரியாக ஏறியதும் கூம்பின் தலை சாயும். சூளைச் சுவரிலுள்ள ஓட்டை வழியாக அதைப் பார்த்துத் தீயை நிறுத்துவார்கள். அலுமினியத்துக்கும் ஒரு கூம்பு வைத்தால் என்ன கெட்டுப்போகிறது?

பழைய பம்புசெட் பிஸ்டன் ஒன்றை எடுத்து முதலில் சோதித்துப் பார்த்தோம். வீட்டு அலுமினியக் கரண்டியின் காம்பில் மெல்லிசாக ஒரு சீவல் வெட்டி, பிஸ்டனை ஒட்டி மண்ணில் குத்தி நிறுத்தினேன். அவர் தீயைக் காட்டினார். சீவல் விறைப்பாக நின்றது. பிஸ்டன் பொத்தென்று உட்கார்ந்தது.

“ஆச்சா? பிஸ்டனும் போச்சு, கரண்டியும் போச்சு” என்றார். அந்த மனுஷன் முகத்தில் சந்தோஷம்கூடத் தெரிந்தது.

“சும்மா இருய்யா” என்றேன். எனக்குத் தப்பு புரிந்துவிட்டது. எங்கள் கம்பெனியிலேயே ஒவ்வொரு சூட்டுக்கும் ஒவ்வொரு கூம்பு. கரண்டி ஒரு கலவை, அச்சில் உருக்கி ஊற்றிய பிஸ்டன், என்ஜின் மாதிரி வார்ப்பு வேறு கலவை. வார்ப்பு உருகும் சூட்டுக்குக் கரண்டி அசையாது. அந்த என்ஜினிலிருந்தே சீவல் எடுக்க வேண்டும். மெல்லிசாக இருந்தால் முதலில் அதுதான் சாயும். தம்பியிடம் கையை நீட்டினேன்.

“காதைக் குடு. ஓரத்துல கொஞ்சம் அறுக்கணும்.”

“ஒடிஞ்சதுலேர்ந்து இன்னும் அறுக்கணுமா? அக்கா, இதுவும் போயிட்டா எனக்கு வேற வழியே இல்ல” என்றான். நான் நீட்டிய கையை மடக்கவில்லை. கொடுத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டான்.

என்ஜினைப் பிரித்து, எரிபொருளில் கலக்கும் விளக்கெண்ணெயின் பிசுக்குப் போக மண்ணெண்ணெயில் கழுவினோம். சூட்டில் என்ஜின் சுவர் உள்வாங்காமல் இருக்க அதன் வயிற்றுக்குள் மண் அடைத்தேன். வெறும் மண் காய்ந்தால் சுருங்கும் என்பதால், உடைந்த பீங்கானை இடித்துச் சலித்துக் கலந்துகொண்டேன். இரண்டு நாள் காயவிட்டோம். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நான் ஷிப்டு முடிந்து வந்ததும் அவர் தீயைப் பற்றவைத்தார். அவர் ஒட்டுகிற இடத்தைப் பார்த்தார், நான் பக்கத்தில் மண்ணில் குத்தி நிறுத்திய காதுச் சீவலை மட்டும் பார்த்தேன்.

“சாயுது, எடு! எடுய்யா!”

எடுத்தார். ஆறவிட்டு, சீவலை நிமிர்த்தி, மறுபடி காட்டினார். நாலு தடவை. காது ஒட்டிக்கொண்டது. தர்மராஜ் அதைப் பிடித்து ஆட்டிப் பார்த்தான், அழுதான், மூக்கைத் துடைத்துக்கொண்டு துளை போட உட்கார்ந்தான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ரயிலிலிருந்து இறங்கி நேராகப் பட்டறைக்கு வந்தான். விமானம் நன்றாகப் பறந்ததாம். இறங்கும்போது காற்று தள்ளி மூக்கு மண்ணில் குத்தியதாம். எங்கள் காது அப்படியே நின்றதாம், கம்பெனிக்காரன் செய்த இன்னொரு காது ஒடிந்துவிட்டதாம்.

“ஒட்டுன எடத்த அதிகாரி பூதக்கண்ணாடி வெச்சுப் பாத்தாரு அக்கா. எப்படி ஒட்டுனதுன்னு கேட்டாரு. சீவல் வெச்சதச் சொன்னேன். எனக்கே வேலைன்னுட்டாரு. திங்கக்கெழமை சேரணும்.”

“அட என் ராசா! சீவல் யாரு யோசனைன்னு கேக்கலியா?”

தலையைக் குனிந்துகொண்டான். “கேட்டாரு. என் யோசனைதான்னு சொல்லிட்டேன். பீங்கான் கம்பெனில மண்ணு மிதிக்கற எங்க அக்கான்னு சொன்னா சிரிப்பாங்களோன்னு…”

பெற்ற பிள்ளை மாதிரி தூக்கி வளர்த்தவனுக்கு என்னைச் சொல்ல வெட்கமாம். நான் பேசுவதற்குள் மாயவன் எழுந்தார்.

“அந்த இன்னொரு காத நீயே ஒட்டிக்க மச்சான். இவ கண்ணு இல்லாம என் கை அலுமினியத்தத் தொடாது” என்றார். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் என்னைப் பற்றி அவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது.

நான் மண்ணைக் கலக்கத் தொடங்கினேன். திங்கட்கிழமை அவன் என்ஜினோடு போயாக வேண்டுமே. ஆத்திரத்தில் மண்ணைப் பிசைந்த பிசைவில் வளையல் ஒன்று உடைந்தது. தர்மராஜ் அதைப் பார்த்துவிட்டு எங்கேயோ கிளம்பிப் போனான்.

திரும்பி வந்து, “அதிகாரிக்கு ஒரு கார்டு எழுதி ஸ்டேஷன் பெட்டியில போட்டுட்டேன். உன் பேரு, உன் யோசனை, நான் சொன்ன பொய், எல்லாம் எழுதிட்டேன்” என்றான்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. “அடப்பாவி! அவரு வேலைய விட்டு எடுத்துட்டா?”

“எடுத்தா எடுக்கட்டும். உங்க கம்பெனியில எனக்கும் மண்ணு மிதிக்க எடம் கேளு” என்றான்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது காதும் ஒட்டியாயிற்று. அவன் கிளம்பிப் போனான். அதற்கப்புறம் பத்து நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. நான்தானே கேட்டேன், யார் யோசனை என்று? கேட்காமல் இருந்தால் இந்த வாய் என்ன சுளுக்கிக்கொள்ளுமா?

பதினோராம் நாள் தபால்காரர் பட்டறைக்கு வந்தார். கையில் கனமான பார்சல். மாயவன் கையெழுத்துப் போடப் பேனாவை வாங்கினார்.

“உங்களுக்கு இல்லீங்க. பூவாயின்னு போட்டிருக்குது. அவங்கதான் போடணும்” என்றார் தபால்காரர்.

பிரித்தோம். காது ஒடிந்த என்ஜின்கள் ஏழு இருந்தன. மேலே தம்பியின் கடிதம். “வேலை இருக்கிறது அக்கா. அதிகாரி அய்யா கார்டைப் படித்தார். அலமாரியைத் திறந்து இதையெல்லாம் எடுத்துக் கொடுத்து, ஒட்டித் தரச் சொல்லி உன் பெயருக்கே அனுப்பச் சொன்னார்.”

என் பெயருக்கு அதுவரை ஒரு கார்டுகூட வந்ததில்லை. பார்சல் காகிதத்தைக் கிழியாமல் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “எந்திரிய்யா, மண்ணெண்ணெய் எடு” என்றேன்.