முப்பது பேர் தட்டிய மேசை

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது யாதெனில், கீழ்த்திசை அறிவு மேல்திசைச் சபையேறிய வரலாற்றுச் சிறப்புமிக்க அந்த முற்பகலில், முப்பது பேர் விரல் முட்டிகளால் மேசையைத் தட்டிக்கொண்டிருக்கிறார்கள், டொக் டொக் டொக், நான் தண்ணீர்ப் பாட்டிலை வாயருகே பிடித்தபடி நிற்கிறேன், ஜன்னலுக்கு வெளியே பனி பெய்கிறதா, இல்லை, அது வேறொரு நாள், இன்று வெறும் மழை, ஜெர்மனியின் அந்தச் சிறுநகரத்தில் ஓயாமல் பெய்கிற, ஆளை நனைக்கக்கூட அக்கறையில்லாத மழை, பரிமாற்ற மாணவனாக வந்த நாலு மாதத்தில் அதைப் பார்த்துப் பார்த்தே களைத்துப்போனேன், காலையில் ரொட்டி, மத்தியானம் ரொட்டி, சாயங்காலம் அதே ரொட்டியைக் குறுக்குவாட்டில் வெட்டியது, இருந்தாலும் இந்தக் கருத்தரங்கில் நன்றாகச் செய்தால் என் ஆய்வுக்கூடத்திலேயே வைத்துக்கொள்கிறேன், ஓர் இடம் இருக்கிறது என்று பேராசிரியை சொல்லியிருந்தார், அந்த ஓர் இடத்துக்காக ஏரி மதகுகளில் நீர் கசிவது பற்றி இருபது நிமிடம் பேசி முடித்தேன், முடித்தேன் என்று அவர்கள் நினைத்தார்கள், எனக்கு நன்றியுரை பாக்கி இருந்தது, அதற்காகத்தான் தொண்டையை நனைக்க நின்றேன், நான் கிளம்பிய அன்று ஊர்ப் பேருந்து நிலையத்தில் என் படமும் அதைவிடப் பெரிதாகத் தன் படமும் போட்ட பிளெக்ஸ் பேனருக்குக் கீழே எங்கள் துறைத்தலைவர் ஆறுமுகப்பெருமாள் சார் நிற்கிறார், தம்பி, அங்க எதப் பேசினாலும் கடைசியில நம்ம தாளாளர், செயலர், முதல்வர், அப்புறம் நான், இந்த வரிசையில நன்றி சொல்லிரணும், வரிசை மட்டும் மாறிரக் கூடாது, என்ன, சரி சார், சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன், அந்தச் சீட்டை எடுக்கும்போதுதான் தட்டினார்கள்.

எங்கள் கல்லூரியில் பெஞ்சைத் தட்டினால் ஒரே அர்த்தம்தான், போதும், நிறுத்து, இரண்டாம் ஆண்டில் ஒரு கணக்கு வாத்தியாரை இப்படித்தான் தட்டித் தட்டி அனுப்பினோம், சாக்பீஸை மேசையில் வைத்துவிட்டுப் போன அவருடைய முதுகு இப்போது என் முதுகாகிறது, நடக்கிறேன், கதவு, தாழ்வாரம், கழிப்பறை, தாழ்ப்பாள், சுத்தமான தேசம், அழுவதற்குக்கூட எலுமிச்சை வாசனையோடு இடம் வைத்திருக்கிறார்கள், அரைமணி நேரம் கழித்துக் கதவுக்கு வெளியே தர்ஷிகாவின் குரல், யாழ்ப்பாணத்துக்காரர்களுக்கு அந்த ஜெர்மன் ஊரிலேயே பிறந்த பெண், என்னோடு படிப்பவள், ஏன் இப்பிடி ஓடி வந்தனீங்கள், வயித்துக்க ஏதும் பிரச்சினையோ, வயிறெல்லாம் நல்லாத்தான் இருக்கு, தட்டியே வெரட்டுனாங்களே, நீங்க பாக்கலையா, வெளியே சிரிப்பை அடக்குகிற மூச்சு, அது கைதட்டுற மாதிரி, இஞ்ச அப்பிடித்தான், நல்லாப் பேசினா மேசையில தட்டுவினம், நானுந்தான் தட்டினனான், அப்போ இப்பப் போகலாமா, அங்க இப்ப வேற வகுப்பு நடக்குது, கேள்வி நேரத்துக்குத்தான் பாதி மாக்ஸ், புரொபசர் மனிசி பத்து நிமிசம் பாத்துக்கொண்டு இருந்தவ, பிறகு ஏதோ எழுதிப்போட்டுப் போயிட்டா, நீங்கள் போய் விளங்கப்படுத்துங்கோ, எப்படி விளக்குவது, நீங்கள் பாராட்டினீர்கள், அதனால் ஓடினேன் என்றா, போகவில்லை, கேள்விகளைச் சந்திக்க விருப்பமில்லாதவர் என்று அந்த அம்மாள் எழுதியிருந்தார், ஆய்வுக்கூடத்தின் ஓர் இடம் ஒரு போலந்துக்காரனுக்குப் போனது, மதகைப் பற்றி அவனுக்கு ஒன்றும் தெரியாது, மேசையைப் பற்றித் தெரிந்திருந்தது.

திரும்பி வந்தபோது ஐரோப்பாவைக் கலக்கிய அறிவுச்சுடரே வருக என்று புதுப் பேனர், சார் காதருகே குனிகிறார், வரிசைப்படி சொன்னியா தம்பி, சொன்னேன் சார், நானும் வாத்தியாராகி இருபது வருடமாக அதே கல்லூரியில் அதே மதகுகளைப் பற்றிப் பேசுகிறேன், ஜெர்மனியில் என் பேச்சைக் கேட்டு முப்பது பேர் மேசையைத் தட்டினார்கள், அங்கே அதுதான் உயர்ந்த மரியாதை என்று ஒவ்வொரு வருடமும் மாணவர்களிடம் சொல்கிறேன், கழிப்பறையைச் சொல்வதில்லை, இன்றும் மழைதான், தொண்டையை நனைக்கப் பாட்டிலை எடுக்கிறேன், டொக் டொக் டொக், அறுபது பேர், நூற்றிருபது கை, கண் கலங்குகிறது, இந்த முறை ஓடமாட்டேன், தர்ஷிகா, பாருங்கள், நிற்கிறேன், நெஞ்சில் கைவைத்துத் தலை குனிகிறேன், இன்னும் பலமாகத் தட்டுகிறார்கள், நன்றி என்று தொடங்குகிறேன், தாளாளர், செயலர், முதல்வர், வரிசை இன்னும் மறக்கவில்லை.

வகுப்பு முடியும் மணி அடித்துப் பத்து நிமிடம் ஆகியிருந்தது.