ஈரத் தரையில் ஒரு ஜோடி பூட்ஸ்

கட்டட வேலைக்காரர்கள் அவளை ரசமட்டம் என்றுதான் கூப்பிடுவார்கள். மட்டம் பார்க்கும் அந்தக் கருவியை வைத்துப் பார்க்காமலே, தரை எந்தப் பக்கம் ஒரு நூல் சாய்கிறது என்று கண்ணாலேயே சொல்லிவிடுவாள். பதினாறு வருடமாகச் சிமெண்ட் தரை போடுகிறவள். அண்ணன் சிறையில் செத்த நான்காம் நாள், விசாரணை அதிகாரியோடு அந்த இடத்தைப் பார்க்கக் குடும்பத்தில் ஒருவர் வரலாம் என்றார்கள். அண்ணிக்கு அங்கே காலெடுத்து வைக்கத் தெம்பில்லை. இவள் போனாள்.

ஒரு கைகலப்பு வழக்கில் அண்ணனுக்கு ஆறு மாதத் தண்டனை. மூச்சிரைப்பு அதிகமானதால் கோடி அறையில் தனியாக வைத்திருந்தார்கள். சிறைக் கண்காணிப்பாளர் பதிவேட்டை விரித்துக் காட்டினார். அன்று பகல் பதினொன்றிலிருந்து நாலு வரை அரை மணிக்கொரு கையெழுத்து. பன்னிரண்டரைக்குச் சாப்பாடு, இரண்டுக்கு மருந்து. நாலு மணிக்குப் பார்த்தபோது உயிர் இல்லை.

"எங்க ஆளுங்க கண்ணுல எண்ணெய் ஊத்திக்கிட்டுப் பார்த்திருக்காங்க மேடம். விதிக்கு யார் என்ன பண்ண முடியும்?"

அதிகாரி பதிவேட்டை மூடிவைத்தார். நரைத்த தலை, மூக்கு நுனியில் கண்ணாடி. வார்த்தையை எண்ணிச் செலவழிக்கிற பெண்மணி. கோடி அறைக்குப் போக முப்பதடி நீளத்தில் ஒரே ஒரு நடை. அதில் அவர் காலை வைக்கப் போன நேரம், "மேடம், நில்லுங்க!" என்று ரசமட்டம் கத்திவிட்டாள்.

எல்லோரும் திடுக்கிட்டார்கள். அவளோ குனிந்து, கன்னம் தரையில் படாத குறையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது புதுத் தரை. என்னைக்குப் போட்டீங்க?"

"நாலஞ்சு நாள் இருக்கும். அதுக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்றார் கண்காணிப்பாளர்.

"வாசல் பதிவேட்டைக் கொண்டு வாங்க" என்றார் அதிகாரி.

அது வருவதற்குள் ஒரு கொத்தனார் சிமெண்ட் சட்டியோடு வந்து நின்றார். தரையில் இருக்கிற தடத்தையெல்லாம் பூசி மறைக்கச் சொல்லி ஆள் அனுப்பியிருந்தார்களாம். கண்காணிப்பாளர் முகத்தில் ஈயாடவில்லை.

"கரண்டியைக் கீழே வைங்க" என்றார் அதிகாரி.

வாசல் பதிவேட்டில் தெளிவாக இருந்தது: அண்ணன் இறந்த அதே நாள், தரை போடும் ஆட்கள் உள்ளே வந்தது எட்டு மணி, வெளியே போனது பத்து நாற்பது.

ரசமட்டத்துக்கு வார்த்தை முட்டி மோதிக்கொண்டு வந்தது. "சிமெண்ட் பால் பூசித் தேய்ச்ச தரை மேடம்! சாயங்காலம் வரைக்கும் பூனை நடந்தாக்கூட காட்டிக் கொடுத்துடும். பதினோரு தரம் போய் வந்தா இருபத்திரண்டு வரிசை தடம் இருக்கணும். இங்க பாருங்க, பூட்ஸ் தடம் போறது ஒரு வரிசை, வர்றது ஒரு வரிசை. வர்றப்ப ஓடி வந்திருக்காங்க, முன்பாதம் மட்டும்தான் பதிஞ்சிருக்கு. அவ்வளவுதான்!"

"பலகை போட்டு நடந்தாங்க" என்று குறுக்கே பாய்ந்தார் கண்காணிப்பாளர். "தோ, பலகைத் தடம் தெரியுதே!"

"தெரியுது சார். ஆனா அது பூட்ஸ் தடத்துக்கு மேல இருக்கு! பதினோரு மணிக்கே பலகை போட்டிருந்தா விளிம்பு விரக்கடை ஆழம் இறங்கியிருக்கும். இது சும்மா கீறல். நாலு மணிக்கு ஒருத்தர் போய்ப் பார்த்துட்டு ஓடி வந்திருக்கார். அண்ணனைத் தூக்கத்தான் பலகை வந்திருக்கு."

அதிகாரி முழங்கால் போட்டு உட்கார்ந்து பார்த்தார். பிறகு கொத்தனாரை நிமிர்ந்து பார்த்தார். அவர் தயங்கித் தயங்கி, "அந்தம்மா சொல்றது சரிதாங்க" என்றார்.

பூட்ஸும் பலகையும் சேர்ந்திருந்த அந்தத் துண்டை அப்படியே வெட்டியெடுக்க உத்தரவானது. "நீங்க குடும்பம். தொடக் கூடாது" என்று அவளைத் தள்ளி நிற்கச் சொன்னார்கள். மறைக்க வந்த கொத்தனாரே வெட்டினார். இவளுக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. "மெதுவா அண்ணே! ஓரத்துல உளியைச் சாய்ச்சுப் பிடிங்க! ஐயோ, விரிசல் விட்டுடப் போகுது!"

"நானும் இருபது வருசமா இந்த வேலைதாம்மா பாக்கறேன்" என்று அவர் முணுமுணுத்தார். துண்டு முழுசாக வந்தது.

பேருந்தை விட்டிறங்கி வீடு வரைக்கும் ஓட்டமும் நடையுமாகப் போனாள். "மாட்டிக்கிட்டாங்க அண்ணி! எல்லாம் பொய்க் கையெழுத்து. பதினோரு மணியிலேர்ந்து நாலு மணி வரைக்கும் ஒருத்தன் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கலை!"

அண்ணி அவளை நிமிர்ந்து பார்த்தாள். "அப்ப மதியம் அவருக்குச் சோறும் போகலையா?"

அத்தனை பரபரப்பில் அது அவளுக்குத் தோன்றவே இல்லை. அண்ணியின் தோளைப் பிடித்துக்கொண்டு, நாலு நாளாக வராத அழுகையை அப்போதுதான் அழுதாள்.

ஆய்வுக்கூடம் அவள் சொன்னதையே சொன்னது. இரண்டு மாதத்தில் அறிக்கை வந்தது. பொய்க் கையெழுத்துப் போட்ட முறைக்காவலர்கள் இருவருக்கும் வேலை போயிற்று. அவர்கள் மேலும், தடத்தை மறைக்கப் பார்த்த கண்காணிப்பாளர் மேலும் வழக்குப் பதிவானது. சாட்சிப் பட்டியலில் அவள் பெயருக்கு எதிரே, தொழில் என்ற இடத்தில், 'தரை போடுபவர்' என்று எழுதியிருந்தார்கள். அண்ணி அதை இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள்.