நூறும் நூறும்

விராலிமலைக்குப் பக்கத்தில் மின்பேனல் செய்யும் பட்டறையில் புவனேஸ்வரிதான் டெஸ்டிங் இன்ஜினியர். அன்று காலை ஒரு பேனலின் கதவைத் திறந்ததுமே அவளுக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. இருநூறு ஆம்ப்ஸ் பிரேக்கர் இருக்க வேண்டிய இடத்தில், நூறு ஆம்ப்ஸ் பிரேக்கர் இரண்டைச் சேர்த்து இணைத்திருந்தார்கள்.

"யாரக் கேட்டு இப்படிப் போட்டீங்க?"

"இருநூறு ஸ்டாக் இல்லம்மா. நூறும் நூறும் இருநூறுதானே?" என்றார் மேனேஜர் ஆத்மநாதன். "மத்தியானம் வண்டி வருது. கையெழுத்தப் போடும்மா."

அவர் நீட்டிய ரிப்போர்ட்டில் 'தேர்ச்சி' என்று முன்கூட்டியே அச்சாகியிருந்தது.

அவள் சோதனை ஹீட்டர்களை இணைத்து, நூற்றெண்பது ஆம்ப்ஸ் வரை லோடு ஏற்றினாள். கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டரை மாட்டிப் பார்த்தால் ஒன்றில் நூற்று முப்பது, மற்றதில் ஐம்பது.

"பாருங்க. கரண்டு சரிபாதியாப் பிரியாது. தடை கம்மியான பக்கந்தான் அதிகமா ஓடும்."

பத்து நிமிடத்தில் முதல் பிரேக்கர் கரண்டைத் துண்டித்து விழுந்தது. மொத்த லோடும் மற்றதன் தலையில் இறங்க, சற்று நேரத்தில் அடுத்ததும் விழுந்தது.

"இது பிரசவ ஆஸ்பத்திரிக்குப் போற பேனல் சார். அங்க ஆபரேஷன் நடக்கையில இப்படி விழுந்தா?"

"நீ போடலன்னா உன் அசிஸ்டண்ட் வசந்த் போடுவான்."

அவள் ரிப்போர்ட்டின் குறுக்கே சிவப்பு மையில் 'தோல்வி' என்று எழுதிக் கையெழுத்திட்டாள். அவர் கண்ணெதிரிலேயே போட்டோ எடுத்து ஆஸ்பத்திரி இன்ஜினியருக்கு அனுப்பினாள்.

"இப்ப யாரு வேணும்னாலும் போடட்டும்."

மத்தியானம் வந்த வண்டி காலியாகத் திரும்பியது.