மீசைக்கார அம்மா

மெய்நிகர் விளையாட்டு நிறுவனம் ஒன்றில் குழந்தைகளின் பாதுகாப்புக்கு விதிகள் எழுதுவது அவள் வேலை. உள்ளே வரும் பெரியவர் யாராவது "வீட்டுக்கு வா" என்று அழைத்தால், குழந்தை கையைத் தூக்கினாலே போதும், ஆளை விசாரிக்காமல் வெளியே தள்ள வேண்டும். இந்த விதிக்காகச் சட்டப்பிரிவோடு மல்லுக்கட்டி ஜெயித்தவள் அவள்.

ஒரு சனிக்கிழமை மதியம் மகள் கதவைத் தாழிட்டு, தலையில் கருவியை மாட்டிக்கொண்டு விளையாட்டில் மூழ்கியிருந்தாள். சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. கதவைத் தட்டி, தொண்டை கிழியக் கத்தியும் பலனில்லை. சுள்ளென்று கோபம் வர, அவளும் அலுவலகக் கருவியை மாட்டிக்கொண்டு விளையாட்டுக்குள்ளேயே போய்விட்டாள். சோதனைக்கு வைத்திருந்த மீசைக்கார உருவத்தையும் கட்டைக்குரலையும் மாற்ற மறந்துபோனாள்.

"ஏய், நான்தான்டி உங்கம்மா! எவ்வளவு நேரமா கூப்பிடறேன்? வீட்டுக்கு வா!"

மகள் கையைத் தூக்கினாள். மறுநொடி அம்மாவின் கண்முன் இருட்டு. விதி அருமையாக வேலை செய்தது. பிறகு சாப்பிட வந்த மகளிடம் அவள் இதைப் பற்றி மூச்சு விடவில்லை.

திங்கட்கிழமை அலுவலகத்தில் புகார்ப் பதிவுகளைக் கேட்க உட்கார்ந்தாள். முதல் பதிவே மகளின் குரல்.

"மீசை வச்ச ஒருத்தர் எங்கம்மான்னு சொல்லிக் கூப்பிட்டார்."

"பொய்னு எப்படிக் கண்டுபிடிச்சே?" என்று கேட்டது புகார் வாங்கும் இயந்திரம்.

"மீசைய வச்சு இல்ல. இங்க யாரும் எந்த உருவத்துலயும் வரலாம். ஆனா எங்கம்மா நான் விளையாடற இடத்துக்கு வந்ததே இல்ல."

புகார் நியாயமானதுதான். மீசைக்காரருக்கு அவள் நிரந்தரத் தடை போட்டாள்.