மூன்றாவது குளியல்

ஐந்து பாடங்கள். கால அட்டவணையில் ஒன்றின் மேல் ஒன்று ஏறவில்லை. நடுவில் காலிக் கட்டங்கள் வேறு பல்லிளித்தன. அப்படியிருந்தும் வெள்ளிக்கிழமை காலையானால் விஞ்ஞானியின் கையில் இயற்பியல் ஆய்வக அறிக்கை மட்டும் இருக்காது. ஏன் என்று அவளுக்கே பிடிபடவில்லை.

'விஞ்ஞானி' என்பது அவள் முதலாண்டு அறிவியல் சேர்ந்த அன்றே தம்பி வைத்த பெயர். அவளும் விடவில்லை, வேதியியல், உயிரியல், இயற்பியல் என்று மூன்று ஆய்வகப் பாடங்களை ஒரே பருவத்தில் அள்ளிக்கொண்டாள். அதே கல்லூரியில் படித்து முடித்த அக்கா அப்போதே சிரித்தாள்.

"மூணு ஆய்வகம் தாங்காதுடி."

"ஏன் தாங்காது? எதுவும் எதோடயும் மோதலையே! நான் ஒண்ண விட்டாக்கூட, வருஷம் பூரா முதல் குளியல் உனக்கு."

அந்த வீட்டில் முதல் குளியல் என்பது சிம்மாசனம். அதைப் பணயம் வைத்துவிட்டு எப்படி வாயைத் திறப்பது? ஆனால் இயற்பியல் அறிக்கை இரண்டு வாரம் போகவில்லை. மூன்றாவதும் போகாவிட்டால் தோல்வி என்று பதிந்துவிடுவார்கள். பாடத்தை விலக்கிக்கொள்ள இந்த வெள்ளி மாலைதான் கடைசி.

அந்த வியாழக்கிழமை அவள் தூங்கிப்போய் மூன்றாவதாகக் குளிக்கப் போனாள். முதல் குவளைத் தண்ணீர் தலையில் விழுந்ததும் வீடே அதிர்ந்தது.

"ஐயோ! பச்சைத் தண்ணி!"

கதவுக்கு வெளியே தம்பி கனைத்துக்கொண்டான். "உள்ள யாரும் இல்லையே சின்னக்கா. எதுவும் எதோடயும் மோதலையே, அப்புறம் ஏன் கத்துற?"

திட்ட வாயெடுத்தவள் குவளையோடு அப்படியே நின்றாள். குளியலறை காலிதான். ஆனால் ஹீட்டரின் தொட்டியில் இரண்டு பேருக்குத்தான் வெந்நீர். இருவர் குளித்துவிட்டால் உள்ளே குளிர்ந்த நீர் நிரம்பி, மறுபடி காய வேண்டும். அறை காலியாக இருப்பதும் தண்ணீர் சூடாக இருப்பதும் வேறு வேறு சங்கதி.

அட்டவணையில் அவள் பார்த்ததெல்லாம் குளியலறையை. ஹீட்டரை எண்ணவே இல்லை!

ஓர் அறிக்கைக்கு இரண்டு மாலைகள் பிடிக்கும். அந்தந்த வாரத்துச் சோதனைகளே திங்களன்றுதான் தொடங்கும் என்பதால் சனி, ஞாயிறில் எழுத எதுவுமில்லை. திங்களும் செவ்வாயும் வேதியியலுக்கு, புதனும் வியாழனும் உயிரியலுக்கு. வெள்ளி காலை மூன்றையும் கொடுக்கவேண்டும். இயற்பியலுக்கு மாலையே மிச்சமில்லை. பகலில் கிடைக்கும் அரைமணிக் காலிக் கட்டங்களோ, வரைபடத்தாளை விரித்து அச்சுக்கு அளவு குறிப்பதற்குள் தீர்ந்துவிடும்.

ஈரத்தலையோடு அக்காவிடம் போய் நின்றாள்.

"ஒண்ண விடறேன்."

"எத?"

"இயற்பியல். அது அடுத்த பருவத்துலயும் வருது. மத்த ரெண்டும் இல்லாம ரெண்டாம் வருஷ உயிரியலுக்குள்ள விடமாட்டாங்க."

"பரவால்லையே, மூளை வேலை செய்யுது! குளியல் கணக்கு ஞாபகமிருக்கா?"

"இருக்கு. நீ முதல், நான் ரெண்டாவது. இவன் சாயங்காலம் குளிக்கட்டும்."

"நான் என்னடா பண்ணினேன்?" என்று தம்பி சுவரைப் பார்த்து அலறினான்.

வெள்ளிக்கிழமை அவள் இயற்பியலை அடுத்த பருவத்துக்குத் தள்ளினாள். ஒரு பருவத்துக்கு இரண்டு ஆய்வகங்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு மாலைகள்: அது தாங்கியது.