மூக்கடைச்சவன் பாட்டு

"அதை மொதல்ல நிறுத்து ஜூடி. ஆளைத் தூக்கசொல்லோ பாடிகினு கீது பாரு, கஷ்மாலம்," என்றாள் பக்கத்து வீட்டுத் தாஹிரா.

சிலுவையம்மாளைக் கட்டிலிலிருந்து ஐஸ் பெட்டிக்கு மாற்றக் குனிந்தவர்கள் அப்படியே நின்றார்கள். தலையணை ஓரத்தில் கிடந்த பாட்டுப் பெட்டியை ஜூடி எடுத்து அணைத்தாள். உள்ளங்கை அகலம்தான். நாளெல்லாம் பாடியதில் சுடச்சுட இருந்தது. அம்மாவின் கைதான் சில்லிட்டுப் போயிருந்தது.

"உசுரு எப்ப போச்சு?"

ராயபுரத்தில் அந்தச் சந்துக்குள் நுழைந்த ஒவ்வொருவரும் இதைத்தான் கேட்டார்கள். தெரியவில்லை என்றாள் ஜூடி. சாயங்காலம் காபி எடுத்துக்கொண்டு போனபோதுதான் பார்த்தேன் என்றாள்.

"வூட்லயே இருந்துகினு தெரிலன்றியே, இன்னாம்மா நீ?" என்றார் சர்ச்சில் உதவி வேலை பார்க்கும் கோயில் பிள்ளை இக்னேஷியஸ்.

அவளுக்கும் அதுதான் புரியவில்லை. சமையலறைக்கும் அம்மாவின் கட்டிலுக்கும் நடுவில் ஒரு துணித் திரைதானே!

போன கிறிஸ்துமஸுக்குத் தம்பி நோயல் வாங்கிக் கொடுத்த பெட்டி அது. கரண்டு போனாலும் பாடும். ஒரு தடவை சார்ஜ் போட்டால் ரெண்டு நாள் தாங்கும். சிலுவையம்மாள் கக்கூஸுக்குப் போகும்போதுகூட அதை இடுப்பில் செருகிக்கொண்டுதான் போவாள். குறையும் இல்லாமல் இல்லை. கேட்கிற பாட்டைப் போடாது, அதன் இஷ்டத்துக்கு வரிசையாகத்தான் பாடும். கடைக்காரன் ஏற்றிக் கொடுத்த பாட்டில் வேண்டாததை அழிக்கவும் வழியில்லை. அணைத்துவிட்டுப் போட்டால் மறுபடி முதல் பாட்டிலிருந்து ஆரம்பிக்கும்.

அந்த வரிசையில் இரண்டாவது ஒரு மாதா பாட்டு. பாடுகிறவன் மூக்கால் பாடுவான். "வந்துட்டான்டி மூக்கடைச்சவன்! சளியைச் சிந்திட்டு வந்து பாடச் சொல்லு," என்பாள் சிலுவையம்மாள். அவன் முதல் வரியை முடிப்பதற்குள் அவள் கட்டைவிரல் பொத்தானை அமுக்கித் தள்ளிவிட்டுவிடும். முப்பது வருஷம் கம்பெனியில் இறால் உரித்துக் காய்த்த விரல். ஒரு நாளும் அவனை அவள் முழுசாகப் பாட விட்டதில்லை.

தூங்கப் போனால் அணைத்துவிடுவாள். "யாரு கேக்குறதுக்குப் பாடணும்? சார்ஜ் வேஸ்ட்டு." அதனால் வீட்டில் ஒரு பழக்கமே வந்துவிட்டது. பாட்டு கேட்டால் அம்மா விழித்திருக்கிறாள், நின்றால் தூங்குகிறாள். ஜூடி எட்டிப் பார்ப்பதையே விட்டுவிட்டாள். மூச்சிரைப்புக்காரியைக் கூட வைத்துக்கொண்டு வேலை பார்க்க அது எவ்வளவு சௌகரியமாக இருந்தது! இன்றைக்கு அதுவே கழுத்தை அறுத்துவிட்டது.

காட்டுப்பள்ளி கப்பல் பட்டறையிலேயே தங்கி வேலை பார்க்கும் நோயல் வேலை உடுப்போடு வந்து சேர்ந்தான். ஐஸ் பெட்டியின் கண்ணாடி மேல் நெற்றியை வைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதான். பிறகு எழுந்து வந்து ஜூடியின் கையைப் பிடித்தான்.

"யக்கா, மத்தியானம் நான் போன் பண்ணேன்ல."

"ம்."

"காலைலருந்து மூச்சு வாங்குதுன்னியே, லீவு சொல்லிட்டு வரட்டான்னு கேட்டேன்ல. நீதானே வோணாம், பாட்டு கேட்டுகினு கீதுன்னு சொன்னே."

"சொன்னேன்டா."

"அப்ப உசுரோட இருந்துச்சா? அத்த மட்டும் சொல்லு."

ஜூடி மத்தியானத்தை நினைத்துப் பார்த்தாள். அப்போது குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது, கையெல்லாம் மீன் செதில். 'நீயே கேட்டுக்கோ' என்று தோளில் இடுக்கியிருந்த போனைத் திரைப் பக்கம் நீட்டினாள். உள்ளே பாட்டு ஓடியது. என்ன பாட்டு என்று அவள் காதில் வாங்கவே இல்லை. திரையை விலக்கி ஒரு பார்வை பார்த்திருந்தால் என்ன? பார்க்கவில்லையே, பாவி!

"தெரிலடா நோயலு," என்றாள்.

"தெரிலன்னா இன்னா அர்த்தம்?"

அவன் குரல் உயர்ந்ததும் தாஹிரா வந்து தோளைத் தட்டி அழைத்துப் போனாள். வாசலில் போட்டிருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தான். வந்திருந்தால் அம்மாவின் முகத்தைப் பார்த்திருப்பான். ஒரு வாய் தண்ணீர் கொடுத்திருப்பான். அதை யார் தடுத்தது என்று அவன் வாயைத் திறந்து சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது ஜூடிக்கு.

ஜெபமாலை முடிந்து கோயிலிலிருந்து கொண்டுவந்த ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டிருந்தார்கள். திடீரென்று சந்து முழுக்கக் கரண்டு போய் அது நின்றது. ஐஸ் பெட்டிக்கு ஜெனரேட்டர் கொண்டுவர ஆள் ஓடியது. மெழுகுவத்தியைக் கொளுத்திய தாஹிரா, "வெறிச்சுனு கீது. சிலுவக்கா பெட்டிதான் கரண்டு இல்லாட்டியும் பாடுமே, அத்தப் போடு ஜூடி. மாதா பாட்டு கீதில்ல அதுல," என்றாள்.

ஜூடி போட்டாள். முதல் பாட்டு முடிந்தது. இரண்டாவதாக அவன் வந்தான், மூக்கால் இழுத்துக்கொண்டு. ஜூடியின் கட்டைவிரல் தானாகப் பொத்தானுக்குப் போனது.

"யக்கா, தள்ளாதே! தள்ளாதே!"

நோயல் நாற்காலியைத் தள்ளிவிட்டு உள்ளே ஓடிவந்தான்.

"இந்தப் பாட்டுதான்க்கா! மத்தியானம் போன்ல கேட்டேனே, இதான் ஓடிச்சு. நடுப்பாட்டுலருந்து கடைசி வரைக்கும் கேட்டுட்டுத்தான் நான் போனை வெச்சேன். அம்மா முழுசா கேட்டுகினு இருந்துருக்குதுக்கா!"

அம்மாவா, இவனை முழுசாகக் கேட்டாள்? தூங்கியிருந்தால் பெட்டியை அணைத்திருப்பாள். விழித்திருந்தால் இவனைத் தள்ளியிருப்பாள். ஒருவேளை விரல் எழும்பவில்லையோ? 'வந்துட்டான்டி' என்று கூப்பிட்டுப் பார்த்தாளோ? குழாய்ச் சத்தத்தில் தனக்குத்தான் கேட்கவில்லையோ? இல்லை, அதற்கு முன்னாலேயே உயிர் போயிருந்ததோ?

"அம்மாக்குப் புடிச்ச பாட்டாக்கா இது?"

இத்தனை நேரத்தில் முதல் தடவையாக அவன் முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. ஜூடி அவனைப் பார்த்தாள். பிறகு கண்ணாடிக்குள் மார்பின் மேல் கோத்து வைத்திருந்த கையைப் பார்த்தாள். ஜெபமாலைக்கு மேலே அந்தக் கட்டைவிரல் நீட்டிக்கொண்டிருந்தது.

"ஆமாண்டா," என்றாள். "அம்மாக்கு இதுன்னா உசுரு."

பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டு, பாட்டுப் பெட்டியை ஐஸ் பெட்டியின் கண்ணாடி மேல் வைத்தாள். மூக்கடைச்சவன் அந்த வீட்டில் இரண்டாவது தடவையாகக் கடைசி வரி வரைக்கும் பாடினான்.